பழைய மரச்சாமான்: உரிப்பதற்கு முன்னால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்

பழைய நாற்காலியோ பெட்டியோ கைக்கு வந்ததும் நம்மாட்கள் ஓடிப்போய் வாங்குவது உப்புத்தாளும் ஒரு டப்பா பெயின்ட்டும்தான். நான் முதலில் எடுப்பது ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர், கிழிந்த பனியன் துணி, ஒரு பழைய டூத்பிரஷ். மதுரையில் வீட்டு மொட்டை மாடியில் சில வருடங்களாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். பாதிச் சாமான்கள் சொந்தக்காரர்கள் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியவை. மீதி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளில் பேரம் பேசி வாங்கியவை. மாடிக்கு வந்த சாமான்களில் நிறைய, அழுக்குப் போனதுமே பாதி சரியாகிவிட்டன. எதை உரிப்பது, எதற்கு பெயின்ட் அடிப்பது என்பதையெல்லாம் துடைத்த பிறகு யோசித்தால் போதும்.

அந்த அழுக்கு லேசுப்பட்டதல்ல. சமையலறை ஓரம் இருந்த சாமான் என்றால் தாளிப்புப் புகை, சாமி அறை என்றால் விளக்குக் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும், நாற்காலிக் கை என்றால் இரண்டு தலைமுறை வியர்வை. போதாக்குறைக்கு, பளபளப்பு வேண்டுமென்று பண்டிகைக்குப் பண்டிகை தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருப்பார்கள். தேங்காய் எண்ணெய் காற்றில் காய்ந்து இறுகுகிற எண்ணெய் கிடையாது. மரத்தின் மேல் அப்படியே பிசுபிசுவென்று நின்று, தூசியை இழுத்து வைத்து, கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். மரத்துக்கு எண்ணெய் பூசியே ஆக வேண்டுமென்றால் ஆளி விதை எண்ணெய் நல்லது. லின்சீட் ஆயில் என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் தருவார்கள். அது காற்றுப் பட்டு இறுகும். ஆனால் அது நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. இறுகும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

துடைக்கும் முறை சாதாரணமானது. தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, அல்லது பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர். துணியை நன்றாகப் பிழிந்து, ஒரு சாண் இடமாகத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். தண்ணீர் தேங்கினால் பழைய பாலிஷ் வெளுத்துப்போகும், இணைப்புகளில் இருக்கும் பசையும் இளகும். செதுக்கு வேலை இருக்கும் இடங்களுக்கு டூத்பிரஷ். ஈரம் காய்ந்த பிறகு டர்பன்டைன் தொட்ட துணியால் இன்னொரு தடவை. தண்ணீருக்குப் போகாத மெழுகும் எண்ணெயும் இதில் வந்துவிடும். துணி கறுப்பாக வருவது நின்று லேசான பழுப்பாக வந்தால், அழுக்கு முடிந்து பாலிஷ் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதே சமயம் சாமானைக் கவிழ்த்துப் பார்த்துவிட வேண்டும். மேலே எத்தனை பூச்சு இருந்தாலும் அடிப்பக்கம் மறைக்க மாட்டார்கள். பிளேடால் ஓர் ஓரத்தில் லேசாகச் சுரண்டினால் தேக்கு பொன்னிறப் பழுப்பாகத் தெரியும், கையில் மெல்லிய எண்ணெய்ப் பசை தட்டும், பதனிட்ட தோல் மாதிரி ஒரு வாசனை வரும். ஈட்டி மரம் தூக்கும்போதே தெரிந்துவிடும், அவ்வளவு கனம். கருஞ்சிவப்பில் கறுப்பு வரிகள் ஓடும். பலா, புதிதாகச் சுரண்டிய இடத்தில் மஞ்சளடிக்கும். பழம்பொருள் கடைக்காரர்கள் சிலருக்கு எல்லா மரமும் பர்மா தேக்குதான். செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மாவிலிருந்து தேக்கு வந்தது உண்மை. அதற்காக முக்காலியெல்லாம் கப்பல் ஏறி வந்தது என்று நம்ப வேண்டியதில்லை. ஓரத்தில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ஒட்டுப்பலகை. அதன் மேலிருக்கும் தேக்குத் தாள் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் தேய்ப்பு மெஷின் வைத்தால் போயே போய்விடும்.

அடுத்தது, மேலே இருக்கும் பூச்சு என்ன என்று கண்டுபிடிப்பது. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில், பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட் (அரக்கைக் கரைக்கும் ஆல்கஹால்) தொட்டு அரை நிமிஷம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. லாக்கர், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. தின்னர் பட்டுச் சுருங்கிக் கொப்பளித்தால் எனாமல் அல்லது எண்ணெய் வார்னிஷ். எதற்கும் மசியாவிட்டால் அநேகமாக பி.யூ., அதாவது பாலியூரித்தேன். பழைய வீட்டுச் சாமான்களில் பெரும்பாலும் நான் பார்ப்பது அரக்குதான்.

அரக்காக இருந்தால் சந்தோஷப்படலாம். புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினிலிருந்து எடுப்பது இது. எத்தனை வருடம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் திரும்பக் கரையும். அதனால் பழைய பூச்சை உரித்து எறியாமலே அதன் மேல் புதுப் பூச்சு போடலாம், இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். மேல்பூச்சில் மட்டும் தலைமுடி மாதிரி வெடிப்பு இருந்தால் ஸ்பிரிட் தொட்ட துணியை நிறுத்தாமல் ஒரே இழுப்பாக இழுத்தால் அரக்கு இளகி வெடிப்பு மூடிக்கொள்ளும். சூடான காபி டம்ளர் வைத்த வெள்ளை வளையங்களுக்கும் இதே வைத்தியம்தான். அந்த வெள்ளை, பூச்சுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம். துணியில் ஸ்பிரிட் ஈரம் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்கு மட்டும் தொட்டு, மேலாக விசிறினால் போதும். வளையம் கறுப்பாக இருந்தால் கதை வேறு. ஈரம் மரத்துக்குள் இறங்கி, இரும்போடு சேர்ந்து கறை பிடித்திருக்கிறது. அதற்குப் பூச்சை எடுத்துவிட்டு ஆக்சாலிக் ஆசிட் பொடியை வெந்நீரில் கரைத்துத் தடவ வேண்டும். விஷம், கையுறை கட்டாயம். காய்ந்தபின் நிற்கும் வெள்ளைப் பொடியை ஊதாமல், தேய்க்காமல், ஈரத்துணியால் பலமுறை துடைத்தெடுக்க வேண்டும்.

உரித்தே ஆக வேண்டிய சாமான்களும் வரும். சொந்தக்காரர் ஒருவர் தன் அப்பாவின் மளிகைக்கடைக் கல்லாப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். சரிந்த மூடி, நடுவில் காசு போடும் வாய். முழுக்கப் பச்சை எனாமல். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒரு கோட் ஏற்றியிருக்கிறார்கள். உடைந்த மூலையில் பார்த்தால் கரும்பச்சை, அதன் கீழே இளம்பச்சை, அதன் கீழே ஒரு காவி நிறம், எல்லாவற்றுக்கும் அடியில் தேக்கு. முன்பக்கம் சந்தனம் குங்குமம் வைத்த இடத்தைத் துடைக்காமலே மேலே பெயின்ட் அடித்ததில், ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே ஒரு சந்தனப் பொட்டு மாட்டிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட பழைய எனாமலைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. அந்தக் காலத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு பெயின்ட்டுகளில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். தேய்க்கும் தூசி மூச்சிலும் போகும், தரையில் படிந்து தவழும் குழந்தையின் வாய்க்கும் போகும். ஹீட் கன் வைத்துக் கொளுத்தினாலும் ஆபத்துதான். நான் செய்தது: மாடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, முகமூடியும் கையுறையும் போட்டு, பெயின்ட் ரிமூவர் தடவி, மேலே ஒரு பாலித்தீன் தாளை மூடி ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுத்தேன். டைகுளோரோமீத்தேன் கலந்த ரிமூவர் என்றால் மூடிய அறையில் திறக்கவே வேண்டாம், ஆவி ஆளையே சாய்த்துவிடும். மிச்சம் மீதியை நீர்த்தாளை நனைத்து ஈரமாகவே தேய்க்கலாம். வழித்த சக்கையைப் பையில் கட்டித் தனியாக வைக்க வேண்டும், செடிக்குக் கீழே கொட்டக் கூடாது.

காஸ்டிக் சோடா தொட்டியில் முக்கினால் ஒரே நாளில் உரிந்துவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். உரியும்தான். கூடவே தேக்கு கறுத்து, நார் நாராக எழும்பி, இணைப்புப் பசையும் கரைந்து பெட்டி பலகை பலகையாக வந்துவிடும். கதவு, ஜன்னல் சட்டத்துக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், அதுவும் எனக்கு இஷ்டமில்லை.

பெட்டிக்குள்ளே பெயின்ட் போகவில்லை. மூடியின் உள்பக்கம் பென்சிலில் கூட்டல் கணக்கு, ரூபாய்க்கும் அணாவுக்கும் தனித்தனிப் பத்தி. நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். ஆக, அதற்கு முன்னாலோ அல்லது அணாவை விட மனசில்லாத அடுத்த சில வருடங்களிலோ யாரோ நின்றுகொண்டே போட்ட கணக்கு. காசு வாயின் விளிம்பு மட்டும் விரல் பட்டுப் பட்டு மழமழவென்று உள்வாங்கியிருந்தது. அதை லப்பம் வைத்து நேராக்கலாமா என்று கொண்டுவந்தவர் கேட்டார். வேண்டாம் என்றேன். உள்பக்கத்தைக் காய்ந்த பிரஷால் தூசி தட்டியதோடு சரி. வெளிப்பக்கம் மட்டும்தான் என் வேலை.

பெட்டியின் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற இடத்தில் ஆணி அடிப்பதுதான் பழைய சாமானுக்கு நாம் செய்யும் பெரிய கொடுமை. கழுந்து, அதாவது துளைக்குள் நுழைந்து நிற்கும் மரமுனை, பிளந்துவிட்டால் பிறகு ஆசாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. பழைய இணைப்புகளில் இருப்பது பெரும்பாலும் வஜ்ரம், அதாவது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. வெந்நீர் ஒத்தடத்துக்கு இளகும். இணைப்பைக் கழற்றி, பழைய வஜ்ரத்தைத் துளியும் இல்லாமல் சுத்தம் செய்து, பிறகுதான் ஃபெவிகால். பழசின் மேல் ஃபெவிகால் பிடிக்காது. இறுக்குவதற்கு கிளாம்ப் இல்லாவிட்டால் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். மூலைகளில் கயிறு பதியாமல் இருக்க அட்டை வையுங்கள். ஒரு ராத்திரி அப்படியே கிடக்கட்டும்.

பூச்சி விஷயம். கீழே மாவு மாதிரி பொடி உதிர்ந்து, துளையின் வாய் வெளுப்பாக இருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. துளை கறுத்து, பொடி இல்லாமல் இருந்தால் பழைய கதை. தேக்கின் வைரப்பகுதியை வண்டு லேசில் தொடாது, ஓரத்து வெளிர் மரத்தைத்தான் தின்னும். போராக்ஸும் போரிக் ஆசிட்டும் வெந்நீரில் கரைத்து, பூச்சு இல்லாத மரத்தில் தடவி, துளைகளில் சிரிஞ்சால் ஏற்றுவது என் வழக்கம். சின்னச் சாமானாக இருந்தால் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி அக்னி நட்சத்திர வெயிலில் சில நாள் வைப்பேன். உள்மரம் வரை சூடேறினால் புழு செத்துவிடும். ஆனால் ஒட்டுப்பலகையையும் பாலிஷ் பூசியதையும் இப்படி வைக்காதீர்கள். கரையான் என்றால் சாமானை விட்டுவிட்டு முதலில் வீட்டுச் சுவரைப் பாருங்கள்.

கல்லாப்பெட்டிக்கு அரக்கு பாலிஷ்தான் போட்டேன். அரக்குச் செதிலை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் வீதம் கரைத்தால் நீர்க்க இருக்கும், முதல் பூச்சுக்கும் பழகாத கைக்கும் இது நல்லது. 240 கிராம் போட்டால் கெட்டி, சீக்கிரம் ஏறும், ஆனால் பிரஷ் தடம் நிற்கும். ராத்திரி ஊறவைத்து, காலையில் வேட்டித் துணியில் வடிகட்டி, கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். தகர டப்பாவில் வைத்தால் கறுக்கும். ஒரு தடவைக்குத் தேவையானதை மட்டும் கரைப்பது நல்லது. மாதக்கணக்கில் கிடந்த கரைசல் பூசினால் காயவே காயாது, கை வைத்தால் ரேகை பதியும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுப் பாருங்கள்.

120-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 180, 220 என்று நாரின் போக்கிலேயே தேய்த்தேன். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் பாலிஷ் ஏறியதும் அது கீறலாகப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். பிறகு பஞ்சை வேட்டித் துணிக்குள் பொட்டலமாகக் கட்டி, பாலிஷைப் பஞ்சுக்குள் ஊற்றி, பிழிந்து, ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்குகிற மாதிரி இழுக்க வேண்டும். நடுவில் நின்றால் பொட்டலம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுகிற மாதிரி இழுபட்டால் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஐந்தாறு பூச்சுக்கு ஒருமுறை 400-ஆம் நம்பர் தாளால் மெல்லத் தடவிவிட்டு மேலே போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். ஸ்பிரிட் பறக்கும்போது காற்றின் ஈரம் பூச்சுக்குள் இறங்கி, பால் ஊற்றியது போல வெளுத்துப்போகும். பங்குனி வெயில் இந்த வேலைக்கென்றே வந்த வெயில்.

பெயின்ட்டுக்கு நான் எதிரியில்லை. ஆனால் தேக்கு, ஈட்டி, பலா மேல் பெயின்ட் அடிக்கச் சொன்னால் சாமானைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒட்டுப்பலகை, வெவ்வேறு மரம் சேர்த்துத் தட்டிய ஸ்டூல், லப்பம் வைத்துத் தேற்றிய அலமாரி, இவற்றுக்கு பெயின்ட்தான் சரி. வெள்ளையோ வெளிர் நிறமோ அடிக்கும்போது, அடியில் நிறமுள்ள மரம் இருந்தால் அதன் சாயம் கசிந்து மஞ்சளாகவோ ரோஜாவாகவோ மேலே வரும். எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது. மெழுகு நீக்கிய அரக்கை ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் நிற்கும். அதன் மேல் உட் பிரைமர், 220-இல் தேய்ப்பு, பிறகு நீர்க்க இரண்டு கோட். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் ஓரங்களில் வழிந்து நிற்கும். எண்ணெய் எனாமல் வெள்ளை, வெளிச்சம் படாத அறையில் மஞ்சளாகிவிடும். அதனால் வெள்ளைக்கு வாட்டர் பேஸ் எனாமல் வாங்குங்கள். புதிதாக பெயின்ட் அடித்துவிட்டு, பழசாகத் தெரிய வேண்டுமென்று மூலைகளை உப்புத்தாளால் தேய்த்துவிடும் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. நேற்று கடையில் வாங்கிய ஸ்டூலுக்குச் செய்யுங்கள், நிஜமாகவே பழசான சாமானை இன்னொரு தடவை பழசாக்க என்ன இருக்கிறது?

சின்னச் சாமான்களில் கை வைக்கும் முன் அது எதனால் ஆனது என்று பாருங்கள். மர அஞ்சறைப்பெட்டிக்கு வெளியே மட்டும் மெழுகு போடலாம், உள்ளே எதுவும் வேண்டாம், மஞ்சள் கறையும் இருந்துவிட்டுப் போகட்டும். மரப்பாச்சியைப் பிழிந்த துணியால் துடைத்தாலே போதும். சன்னபட்டணா பொம்மைகளை ஸ்பிரிட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, சாயம் கலந்த அரக்கை அழுத்தி, உராயும் சூட்டில் உருகி ஒட்டவைத்த வண்ணம் அது. ஸ்பிரிட் பட்டால் கையோடு வந்துவிடும்.

கொலு பொம்மைகளுக்கு விதி தலைகீழ். அங்கே முதல் எதிரி தண்ணீர்தான். மண், காகிதக்கூழ் பொம்மைகளில் பழைய வண்ணம் பசையில் கலந்த நீர்வண்ணமாக இருக்கும், ஈரத்துணி பட்டால் முகமே அழிந்துவிடும். மென்மையான மேக்கப் பிரஷால் தூசி தட்டுவதோடு நிறுத்துங்கள். மூக்கு நுனி, விரல் உடைந்திருந்தால் டிஷ்யூ காகிதத்தை ஃபெவிகாலில் பிசைந்து வைத்து, காய்ந்ததும் நகவெட்டியின் அரத்தால் உருவம் கொடுக்கலாம். விட்டுப்போன இடத்துக்கு மட்டும் அக்ரிலிக் வண்ணம் தொட்டு வையுங்கள். காய்ந்தால் அக்ரிலிக் ஒரு படி கறுக்கும், அதனால் கொஞ்சம் வெளிர்வாகக் கலக்க வேண்டும். முழு பொம்மைக்கும் புது பெயின்ட் அடித்தால் பாட்டி வீட்டுக் கிருஷ்ணன் கடைக் கிருஷ்ணனாகிவிடுவான். கண் மட்டும் எனக்கு வராது, அதை பொம்மை செய்கிறவர்களிடமே கொடுத்துவிடுவேன்.

பிரம்பு பின்னலும் ஓரளவுக்குத்தான் என் கைக்கு வரும். தொய்ந்த இருக்கை என்றால் கவிழ்த்து, அடிப்பக்கம் வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு, ஊறியதும் வெயிலில் காயவிட்டால் இழுத்துக்கொள்ளும். அறுந்துவிட்டால் பிரம்புக்காரர்தான்.

பெரிய ஊஞ்சல் பலகையோ பீரோவோ என்றால் பாலிஷ்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கும். அவரிடம் “பழசு மாதிரியே வேணும்” என்று சொன்னால் போதாது. அவருக்கு அது பளபளவென்று மெலமைன் என்கிற கெட்டிப் பூச்சு அடிப்பது என்று காதில் விழும். தேய்ப்பு மெஷின் வேண்டாம், கைத்தேய்ப்பு. நிறம் கலக்க வேண்டாம். அரக்கு பாலிஷ் மட்டும். ஓட்டைகளை அடைக்கும் முன் என்னைக் கேளுங்கள் என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பித்தளைக் கைப்பிடிகளை நீங்களே கழற்றி, எது எந்த இழுப்பறையுடையது என்று சீட்டு ஒட்டி எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் அதன் மேலேயே பாலிஷ் ஏறும். அடிப்பக்கத்தில் ஒரு கையகலம் மாதிரி போட்டுக் காட்டச் சொல்லி, காய்ந்த பிறகு பார்த்து, அப்புறம் முன்பணம் கொடுங்கள்.